குறைமாதச் சிசுவும் குமிழிக் காற்றும்

ஏழாம் மாதம் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதம் பிறந்த பிள்ளை தங்காது என்னும் பேச்சைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் வயதானவர்கள் வாயிலாக இன்றும் கேட்கலாம். எந்தக் காலத்து அனுபவத்தில் அது பிறந்ததோ, இன்றைய வைத்திய சாஸ்திரம் அதை ஒப்புவதில்லை. தாயின் கர்ப்பத்தில் கழிகிற ஒவ்வொரு வாரமும் சிசுவுக்கு லாபமே என்பதும், அந்த லாபத்தில் பெரும்பங்கு நுரையீரலுக்கே போய்ச் சேருகிறது என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மைகள்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் உட்புறம் ஈரமானவை. ஈரச் சேலையின் மடிப்புகள் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சை வெளிவிடுந்தோறும் அவற்றின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் வழுவழுப்பான திரவம். கர்ப்பத்தின் 24ஆம் வாரத்தையொட்டிச் சுரக்கத் தொடங்கும் அது, 34, 35 வாரங்களில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட சிசு, நாமெல்லாம் பிறந்த கணத்தில் ஒரேயொரு முறை பட்ட சிரமத்தை ஒவ்வொரு மூச்சிலும் படவேண்டியிருக்கிறது. விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்க, மூக்கு விடைக்க, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சிரைக்க, சில மணி நேரத்தில் களைத்துப் போகிறது. இத்திரவத்தின் குறைவே வியாதிக்குக் காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-ல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். காரணம் தெரிந்த மாத்திரத்தில் பரிகாரம் கிட்டிவிடவில்லை. 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், இதே வியாதியால், 39 மணி நேரமே ஜீவித்திருந்தான்.

பரிகாரத்துக்கு வழி காட்டியது சிசுவேதான். மூச்சுத் திணறும் குறைமாதக் குழந்தை, மூச்சை விடும்போதெல்லாம் மெல்ல முனகும். கேட்பவர்க்கு அது வலியின் ஓசையாகத் தோன்றும். உண்மையில் அது தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம். குரல்வளையைப் பாதி மூடிக் காற்றைத் தடுத்து விடுவதால், நுரையீரலுக்குள் சிறிது அழுத்தம் எஞ்சி நின்று, காற்றறைகளை மூடவொட்டாமல் தாங்குகிறது. அந்த அழுத்தத்தை வெளியிலிருந்து இடையறாது கொடுத்துவந்தால் என்ன என்று சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் அவருடைய சகாக்களும் முயன்று, 20 சிசுக்களில் 16 பிழைத்ததை 1971-ல் பிரசுரித்தார்கள். முதலில் பெரும்பாலும் மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்கிச் செய்யப்பட்ட இம்முறை, பின்னர் மூக்கின் வாயிலோடு நின்றுகொண்டது. வார்டுகளில் சிபேப் என்று வழங்குவது இதுவே.

அதன் குமிழி வகையைப் பார்ப்பவர்க்கு, இவ்வளவுதானா என்று தோன்றும். காற்றையும் பிராணவாயுவையும் கலந்து, வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி, மூக்குத் துளைகளில் பொருத்திய இரு சிறு குழல்களின் வழியே செலுத்துகிறார்கள். காற்று வெளியேறும் குழாயின் நுனி ஒரு புட்டியின் நீரில் அமிழ்ந்து குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. நுனி எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறதோ, அத்தனை சென்டிமீட்டர் நீரழுத்தம் சிசுவுக்குக் கிடைக்கிறது. வழக்கமாக 5 அல்லது 6. வெண்டிலேட்டரின் தேவை இதனால் பெரிதும் குறைகிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைக் குறைமாதச் சிசுக்களுக்குப் பரிந்துரைத்ததோடு, தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பையும் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்றது.

ஆனால் இந்த எளிமையை நம்பி, கருவியை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது பெரும் பிழை. குமிழி நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று பொருள். குழல் நழுவியதா, குழந்தை வாயைத் திறந்துகொண்டதா என்று அந்த நிமிஷமே பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள சிசுவின் மூக்குத்தண்டு பூவிதழினும் மெல்லியது; குழல் சற்றே அழுத்தினாலும் சில மணி நேரத்தில் சிவந்து புண்ணாகும். வயிற்றில் காற்று நிறைந்து உப்பாதபடி வாய்வழியே ஒரு சிறு குழாய் திறந்திருக்க வேண்டும். ரத்தத்தில் பிராணவாயுவின் செறிவு 90-க்கும் 95 சதவீதத்துக்கும் இடையே நிற்க வேண்டும். மிகுந்தால் விழித்திரை கெடும். இவ்வளவையும் இரவு முழுதும் பார்ப்பவர் நர்ஸ். ஆகவே, இத்தனை கருவிகள் வாங்கப்பட்டன என்ற அறிவிப்பைவிட, இத்தனை சிசுக்களுக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சேலத்திலிருந்து 1997-ல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்துக்கு 2022-ல்தான் சொந்த அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது. 1986-ல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாமக்கல்லிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சமவெளிதான், சாலையும் நல்ல சாலைதான். ஆனால் பிறந்த சிசு அந்தத் தூரத்தைக் கடப்பது வேறு, பிறவாத சிசு கடப்பது வேறு. வழியில் உடல் குளிர்ந்தால் பிராணவாயுவின் தேவை கூடி, திணறலும் கூடும். கர்ப்பத்தோடு தாய் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டால் இந்த அபாயம் இல்லை. அதோடு, நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-ல் நிரூபித்தபடி, பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது. 12 மணிக்கொரு முறையாக நான்கு டெக்சாமெதசோன் ஊசிகள். 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைப்பிரசவ வலி கண்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதல் ஊசியைக் கிராமச் சுகாதாரச் செவிலியரே போடலாம் என்று 2014-லேயே மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது.

எனவே, நாள் நிறையுமுன் வலியோ நீர்க்கசிவோ கண்டால், சூட்டு வலியாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். சிசு பிழைத்து வீடு வந்த பிறகும் ஒரு கடமை மீந்திருக்கிறது: 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும்.