வியாபாரிக்கு மின்னஞ்சல் போய்ச் சேரவில்லையா?

களக்காடு, சேரன்மகாதேவி பகுதிகளில் விளையும் வாழைத்தார், வெட்டிய பின் காத்திருக்காது. வெளியூர்க் கம்பெனிக்கு விலை கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால் நட்டம் விவசாயிக்கே.

மடல் திரும்பி வந்தால் அதிலுள்ள எண்ணைப் பார்க்கவும். 550 எனில் முகவரி தவறாக இருக்கலாம், அல்லது கம்பெனியின் கணினி ஏற்க மறுத்திருக்கலாம். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். 552 எனில் பெட்டி நிரம்பியிருக்கலாம், அல்லது படங்கள் பெரிதாக இருக்கலாம். ஜிமெயிலில் 25 எம்.பி.தான் வரம்பு. 4-இல் தொடங்கும் எண் தற்காலிகத் தடையே. கணினி தானே மீண்டும் அனுப்பிப் பார்க்கும்.

மடலும் திரும்பவில்லை, பதிலும் இல்லையெனில், 'ஸ்பாம்' பகுதியில் தேடும்படி தொலைபேசியில் சொல்லலாம். சொந்த இணையப் பெயரில் அனுப்பும் உழவர் குழுக்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் செய்துகொள்வது அவசியம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இவற்றில் ஒன்றையேனும் கேட்கிறது.

பதில் கைக்கு வந்த பிறகே தாரை வெட்டுவது நலம்.