அவசர மருத்துவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பயிற்சி

அவசர மருத்துவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பயிற்சி என்பது, அவசர மருத்துவத்தில் பட்டமேற்படிப்பை முடித்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வல்லுநராகப் பணியாற்ற மேற்கொள்ளும் உயர்நிலைப் பயிற்சி ஆகும்.

தேவை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகிலுள்ள தளவானூர் போன்ற சிற்றூரில் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்தால், சில மணி நேரத்தில் அவருடைய சுவாசத் தசைகள் செயலிழக்கக்கூடும். நச்சுமுறி மருந்துடன் செயற்கை சுவாசமும் தேவைப்படலாம். பூச்சிக்கொல்லி நஞ்சு, சாலை விபத்து ஆகியவற்றிலும் இதே நிலை ஏற்படலாம். இத்தகைய நோயாளியை முதலில் பார்ப்பவர் அவசரப் பிரிவு மருத்துவரே. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைக்கும்வரை நோயாளி அவசரப் பிரிவிலேயே காத்திருக்க நேர்ந்தால், அந்த நேரத்துச் சிகிச்சையும் அவருடைய பொறுப்பாகிறது.

வரலாறு

1952ஆம் ஆண்டு கோபனேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர், நோயாளிகளின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் கையால் காற்றைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். அடுத்த ஆண்டில் அவர் தொடங்கிய பிரிவு, தற்காலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதனால் பல நாடுகளில் இத்துறை மயக்கவியலைச் சார்ந்தே வளர்ந்தது. அவசர மருத்துவம் தனித்துறையானது பிற்காலத்தில்தான்.

அமெரிக்காவில் அவசர மருத்துவம் 1979இல் தனித்துறையாக ஏற்கப்பட்டது. எனினும், இத்துறை மருத்துவர்கள் தீவிர சிகிச்சையில் வாரியச் சான்றிதழ் பெறும் வழி 2011இல் பொது மருத்துவம் மூலமாகவும், 2012இல் அறுவை மருத்துவம் மூலமாகவும், 2013இல் மயக்கவியல் மூலமாகவும் படிப்படியாகத் திறந்தது.

இந்தியாவில்

இந்திய மருத்துவக் கழகம் 2009இல் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது. எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்தவர்கள் நீட்-எஸ்.எஸ். தேர்வு எழுதி, டி.எம். அல்லது டிஆர்.என்.பி. தீவிர சிகிச்சை மருத்துவத்தில் சேரலாம். இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள். மயக்கவியல், பொது மருத்துவம், நுரையீரல் மருத்துவம் ஆகிய துறையினரும் இதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றனர். 1993இல் நிறுவப்பட்ட இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் தனிச் சான்றிதழ்ப் பயிற்சிகளை நடத்துகிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

மூச்சுக்குழாய் பொருத்துதல், அதிர்ச்சி நிலைக்குச் சிகிச்சை அளித்தல், அல்ட்ராசவுண்ட் கொண்டு விரைந்து ஆராய்தல் ஆகியவற்றை அவசர மருத்துவர் முன்பே அறிந்திருப்பார். அவர் புதிதாகக் கற்பது முதல் மணி நேரத்துக்குப் பிந்தைய சிகிச்சையை. செயற்கை சுவாசக் கருவியிலிருந்து நோயாளியை மெல்ல விடுவித்தல், டயாலிசிஸ், மருத்துவமனைத் தொற்றைத் தடுத்தல், ஊட்டம், வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிக் குடும்பத்தாரிடம் பேசுதல் ஆகியவை அதில் அடங்கும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008இல் தொடங்கியது. சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஊர்தி நோயாளியை விரைவாகக் கொண்டுசேர்க்கிறது. திட்டம் செலவை ஏற்கிறது. ஆனால் அந்த 48 மணி நேரமும் தடையின்றிச் சிகிச்சை தொடர, இரு துறைகளையும் அறிந்த மருத்துவர்கள் பெருநகரங்களுக்கு அப்பால் மாவட்ட மருத்துவமனைகளிலும் தேவைப்படுகின்றனர்.