மீன்தூளும் சோயாவும் இல்லாத கோழித்தீன்

தீன் வாங்கக் காசில்லாதபோது எம்மில் பலர் குறுணலையும் தவிட்டையும் மட்டும் போடுகிறோம். சில வாரங்களில் முட்டை குறைகிறது. உடனே கோழியைக் குறை சொல்கிறோம். ஆனால் குறை கோழியில் இல்லை. முட்டை உருவாவதற்குப் புரதம் வேண்டும். முட்டையிடும் கோழியின் தீனில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் இருப்பது நல்லது. குறுணலில் இருப்பது ஏறக்குறைய 8 பங்கு, தவிட்டில் 12.

கடைத் தீனில் இக்குறையை நிரப்புபவை மீன்தூளும் சோயாப் புண்ணாக்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் தட்டுப்பட்டு, விலையும் ஏறியதைக் கண்டோம். சொந்தக் காணியை விட்டு வந்து, பத்துக் கோழிகளை நம்பியிருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்?

ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்

புரதம் என்பது பல அமினோ அமிலங்களின் சேர்க்கை. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுப்பயன் தரா. கல் குவிந்து கிடந்தாலும் சீமெந்து இல்லாமல் சுவர் எழாது அல்லவா? எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனைன் உண்டு, லைசீன் குறைவு. கௌப்பியிலும் பயற்றிலும் லைசீன் உண்டு, மெதியோனைன் குறைவு. ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நாம் சோற்றுடன் பருப்பைச் சேர்த்து உண்பதும் இவ்வாறே.

10 கிலோ தீனுக்கு

குறுணல் அல்லது இடித்த சோளம் - 3 1/2 கிலோ
தவிடு - 1 1/2 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு - 1 1/2 கிலோ
வறுத்து இடித்த கௌப்பி - 1 கிலோ 300 கிராம்
தேங்காய்ப் புண்ணாக்கு - 1 கிலோ
நிழலில் உலர்த்திய முருங்கை இலைத் தூள் - 400 கிராம்
சிப்பித் தூள் - 770 கிராம்
உப்பு - 30 கிராம்

இக்கலவையில் ஏறக்குறைய 16 பங்கு புரதம் கிடைக்கும். அடைத்து வளர்க்கும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வேண்டும். வெளியே மேயும் கோழி புழு பூச்சிகளையும் பொறுக்கித் தின்பதால், அதற்கு இதைவிடக் குறைவாகப் போதும். கறையான் கிடைத்தால் கொடுங்கள்; அது மீன்தூளுக்கு நல்ல துணை.

கவனிக்க வேண்டியவை

கௌப்பியைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். புரதம் சமிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சூட்டில் அது அழியும். பிள்ளைகளின் பானைக்குரிய கௌப்பியை எடுக்காமல், உடைந்ததையும் வண்டு அரித்ததையும் பயன்படுத்துங்கள்.

பூஞ்சணம் பிடித்த எதையும் சேர்க்க வேண்டாம். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுமையாகப் போகாது. தவிடு விரைவில் காறிப்போகும்; இரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலவுங்கள்.

முருங்கை கிடைக்காதோர் இப்பிலிப்பில் இலையைச் சேர்க்கலாம். ஆனால் 10 கிலோவுக்கு அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. அதிலும் நஞ்சு உண்டு.

குஞ்சுகளுக்கு இத்தீன் ஆகாது. அவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். இவ்வளவு சிப்பித் தூள் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பழைய தீனுடன் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். அன்றன்று கிடைக்கும் முட்டைகளைக் கலண்டரில் குறித்து வாருங்கள். கடைத் தீனில் கிடைத்த அளவு கிடைக்காமலும் போகலாம். எனவே முட்டையை மட்டும் எண்ணாமல், தீனுக்குச் செலவான பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இலாபமா நட்டமா என்பதை அக்கணக்கே சொல்லும்.