புற்றுக்காளான்: கடையில் வாங்கி வைக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, இடி இடித்து ஓய்ந்தால் நம் வீரபாண்டி, பல்லடம் வட்டாரத்துக் காட்டு வரப்புகளிலும் கரையான் புற்றடியிலும் காளான் பூக்கும். விடியலிலேயே பறித்துக் கூடையில் கொண்டுவந்து, "அண்ணா, வெச்சு வித்துக் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ருசியான பண்டம், கிராக்கியும் அதிகம். ஆனால் வணிகர்களாகிய நாம் இதில் சற்று நிதானிக்க வேண்டும்.

புற்றுக்காளானை மனிதர் வளர்ப்பதில்லை. கரையான்கள் தம் உணவுக்காகப் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சணமே மழை ஈரத்தில் குடையாக வெளிவருகிறது. அதனால்தான் அதன் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.-2 பால்காளானையும், சிப்பிக்காளானையும் குடிசை அமைத்து வளர்க்கலாம். புற்றுக்காளானுக்கு அந்த வழி இல்லை. கிடைக்கும் சில நாட்களில் தேவை மிஞ்சிவிடுவதால், கண்டதும் கூடையில் கலந்துவிடுகிறது.

வெள்ளிக்காசு கறுக்கும், மஞ்சள் நிறம் மாறும், பூச்சி அரித்தால் நல்ல காளான் என்றெல்லாம் சொல்வார்கள். இவை எதுவும் சரியான சோதனை அல்ல. சில விஷக்காளான்களை வேகவைத்தாலும், உலர்த்தினாலும் நஞ்சு போகாது. மிகக் கொடிய வகையைத் தின்றால் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி, பேதி தொடங்கும். இடையில் குணமானது போலத் தோன்றும். பிறகு ஈரல் கெடும். 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

இன்று நம் பனியன் கம்பெனிகளில் அசாம், ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். தம் ஊரில் தின்ற காளானைப் போலவே இருக்கிறதே என்று காலி மனையில் முளைத்ததைப் பறித்துவிடக் கூடும். நம் கடைக்குச் சாமான் வாங்க வரும்போது இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

பல வருடமாகப் பறித்துப் பழகியவர், எந்தப் புற்றில் எடுத்தது என்று சொல்லக்கூடியவர் கொண்டுவந்தால் மட்டுமே வாங்குங்கள். தண்டு அறுத்த காளான் வேண்டாம். சில விஷக்காளான்களின் அடையாளமான அடிப்பை மண்ணிலேயே தங்கிவிடும். நீண்ட வால் மட்டும் இருந்தாலும் போதாது. அறிந்தவர் பார்க்க வேண்டும். தின்றவருக்கு வாந்தி கண்டால் மீதிக் காளானோடு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

நல்ல காளான் என்று உறுதியானால் மண்ணைச் சுரண்டி, அலசி, கையால் கிழித்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, காளானைப் போட்டு, அது விடும் நீரிலேயே நன்றாக வேகவிட்டு, மிளகு சீரகப் பொடி தூவினால் போதும்.

மிளகையும் சீரகத்தையும் கையில் அள்ளியவுடன் தரம் சொல்லிவிடுகிறோம். காளானை அப்படிச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத சரக்கைத் தராசில் வைக்காதிருப்பதே நம் வாடிக்கையாளருக்கும் நமக்கும் நல்லது.