கடல் கடந்து வந்த பிடில்

சிங்கப்பூரிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், சாங்கி விமான நிலையத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணைச் சந்தித்தேன். மடியில் பிடில் பெட்டி. "கீழே வைக்கலாமே, அம்மா" என்றேன். "பிள்ளையை யாராவது தரையில் கிடத்துவார்களா, சேர்?" என்று சிரித்தாள்.

அந்தப் பிள்ளை நம் நாட்டில் பிறந்ததல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது. தோளில் ஏறியிருந்த வாத்தியம் இங்கே சப்பணமிட்ட வித்துவானின் வலது பாதத்தில் தலை சாய்த்தது.

பிறகு அதை ஆண்டவர்கள் மூவர். லால்குடி ஜெயராமன் (1930-2013) அதைப் பாடவே வைத்தார். எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் (1931-2013) இந்துஸ்தானியிலும் வல்லவர். டி.என். கிருஷ்ணன் (1928-2020) வில்லில் இழைந்தது தூய இனிமை.

நம் இலங்கைக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிடில் கற்பித்தவர் வி. லட்சுமிநாராயணா. 1958 இனக்கலவரத்தையடுத்துக் குடும்பம் சென்னை சென்றது. மகன் எல். சுப்பிரமணியம் பின்னர் உலகப் புகழ் பெற்றார். வீடும் ஊரும் போகலாம். விரலில் ஏறிய வித்தை போகாது.

லயத்துப் பிள்ளைக்குப் பிடில் வாங்க வசதியில்லாதிருக்கலாம். கேட்கக் காது போதும். வானொலியிலோ கைப்பேசியிலோ பிடில் ஒலிக்கும்போது பிள்ளை அசையாமல் நின்றால், பெற்றோரே, "நிறுத்து அதை" என்று மட்டும் அதட்டாதீர்கள். கடல் கடந்து வந்த வாத்தியத்தை, கடல் கடந்து வந்த நாமே அந்நியமென்று ஒதுக்கலாமா?