கோடைக் கடல்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

சித்திரை வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. "இந்தச் சூட்டில் கடலில் என்ன மீன் கிடைக்கப்போகிறது?" என்று நினைக்கிறீர்களா? சோழமண்டலக் கரைக்கு வாருங்கள். சூடும் காற்றும் சேர்ந்து மீனை எங்கெங்கே விரட்டுகின்றன என்று பார்த்தால் அசந்துபோவீர்கள்!

1. மீனுக்கும் மூச்சு முட்டும், தெரியுமா?

நாம் இழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரிலோ, 20 டிகிரி செல்சியஸில் ஏழரை மில்லிகிராம்கூடக் கரைந்திருக்காது. 30 டிகிரிக்குச் சூடேறினால் அது ஆறே கால் மில்லிகிராமாகச் சுருங்கிவிடும்! அதே நேரத்தில் மீனின் உடலும் சூடேறி, இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கும். உச்சி வெயிலில் தூண்டில் தக்கை அசையாமல் கிடப்பது இதனால்தான். கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களே, விடிவதற்கு முந்தைய இருட்டையும் அந்தி மயங்கும் நேரத்தையும் விடாதீர்கள். முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் ஓதம் ஏறும் வேளை இன்னும் நல்லது. சூடேறிய கழித்தண்ணீருக்குள் கடலின் குளிர்ந்த தண்ணீர் புகும். கூடவே கொடுவாவும் புகும். உயிர் இறாலைக் கோத்துப் போட்டுப் பாருங்கள்!

2. போகவும் வரவும் காற்றே கூலியில்லாமல் உழைத்தது, தெரியுமா?

ஒரே அளவு வெப்பம் ஏற, தண்ணீருக்கு உலர்ந்த மணலைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆற்றல் வேண்டும். அதனால் பகலில் கரை சீக்கிரம் காய்கிறது, இரவில் சீக்கிரம் ஆறுகிறது. விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கும், நண்பகல் வாக்கில் கடலிலிருந்து கரைக்கும் காற்று வீசும். எஞ்சின் இல்லாத காலத்தில் கட்டுமரக்காரர்கள் முதல் காற்றில் பாய் விரித்துப் போய், இரண்டாவது காற்றில் மீனோடு திரும்பினார்கள். என்ன ஒரு கணக்கு!

3. கொளுத்தும் வெயிலிலும் கடல் திடீரெனச் சில்லிடும், தெரியுமா?

தென்மேற்குக் காற்று கரையை ஒட்டியே வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்தண்ணீர் கரையை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் போகிறது. அந்த இடத்தை நிரப்ப, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீர் மேலேறி வருகிறது. வெறுங்கையோடு வருமா? மிதக்கும் நுண்ணுயிர்களுக்கு உரத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. நுண்ணுயிரைத் தின்னச் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன்! கடலில் கால் நனைக்கும்போது சில்லென்றிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு விருந்து தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. இந்தக் கரையின் பெயரையே சுமந்து ஒரு மீன் பறக்கிறது, தெரியுமா?

அதுதான் பறவைக் கோலா! அதன் அறிவியல் பெயர் ஹிருண்டிக்திஸ் கோரமண்டலென்சிஸ். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1923-ல் சூட்டிய 'கோரமண்டலென்சிஸ்' நம் சோழமண்டலம்தான். இந்த மீன் சிறகடிப்பதில்லை. தண்ணீரைக் கிழித்து எழும்பி, துடுப்புகளை விரித்து மிதக்கிறது. 2008-ல் ஜப்பானை ஒட்டிய கடலில் ஒரு பறவை மீன் 45 விநாடி காற்றிலேயே இருந்தது படமாகியிருக்கிறது!

அதைவிட வியப்பு, நம் மீனவர்கள் அதைப் பிடித்த விதம். கோலாவின் முட்டையில் நூல்போன்ற இழைகள் உண்டு. மிதக்கும் எதையாவது பற்றிக்கொள்வதற்காக. மே முதல் ஜூலை வரை, நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் தழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். முட்டையிட இடம் தேடி மீன் தானாகவே வந்து மொய்க்கும். அப்படியே வலையால் அள்ள வேண்டியதுதான்! தூண்டில் வேண்டாம், இரை வேண்டாம்.

5. ஊர் மாறினால் மீனின் பெயரும் மாறும், தெரியுமா?

சென்னையில் வஞ்சிரம். தூத்துக்குடியில் அதுவே சீலா. கன்னியாகுமரியில் நெய்மீன். யாழ்ப்பாணத்தில் அறுக்குளா! சென்னையில் போய்ச் சீலா கேட்டால், நீண்ட வாயும் கூர்ப்பல்லும் கொண்ட வேறொரு மீனைத் தருவார்கள்.

6. கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு ஒன்று உண்டு, தெரியுமா?

சூரையும் அயிலையும் வஞ்சிரமும் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. தின்றால் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ், பிடித்த உடனே! கோடையில் இதில் கஞ்சம் பிடிக்கவே கூடாது.

7. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம், தெரியுமா?

பல மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், ஒரு பக்கத்துப் படகுகள் புறப்படத் தயாராகும்போது மறுபக்கத்துப் படகுகள் கரையேறி நிற்கின்றன!

அந்த நாட்களிலும் பாரம்பரிய மீனவர்களின் சிறு படகுகள் கடலுக்குப் போய் வருகின்றன. அவர்கள் கொண்டுவரும் மீன் கொஞ்சம்தான். ஆனால் அன்றைய மீன். அதை வாங்குங்கள். உங்கள் தூண்டிலில் சினை மீன் சிக்கினால், ஈரக் கையால் மெல்லப் பிடித்து முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் விடுங்கள். ஒரு தாய் மீனின் வயிற்றில் இருப்பது ஆயிரக்கணக்கான முட்டைகள். அடுத்த கோடையின் மீன்பாடு அதற்குள்தான் இருக்கிறது!