மங்கிப்போன சுவர் விளம்பரத்தோட வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருச்சி கே.கே. நகர்ல இருந்து இன்னொரு எபிசோடு. இன்னைக்கு டாபிக், பழைய கட்டடங்கள்ல கையால வரைஞ்சு, இப்போ பாதி அழிஞ்சு நிக்கிற சுவர் விளம்பரங்கள். வெளிநாட்டுல இதை 'கோஸ்ட் சைன்'னு சொல்றாங்க.

லண்டன், நியூயார்க்ல நூறு வருஷத்துக்கு முந்தின விளம்பரம்கூட இன்னும் தெரியுது. அங்க பூசாத செங்கல் சுவர், அதுமேல ஈயம் கலந்த ஆயில் பெயின்ட். செங்கல்லோட துளைக்குள்ள இறங்கி நல்லா பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல செங்கல் மேல சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கும் மேல பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பு. பழைய எழுத்து அடியில போயிடும். என்னைக்காவது மேல் பூச்சு உரிஞ்சா திரும்ப எட்டிப் பார்க்கும்.

சரி, அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா அது எந்தக் காலத்துதுன்னு எப்படித் தெரியும்? டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல் கிடைச்சா, உள்ள இருக்கிற தகவலை வெச்சு தேதியைக் குறுக்குவோம் இல்லையா? அதே வேலைதான்.

விலை. 'அணா'ன்னு இருந்தா ரொம்பப் பழசு. 1957 ஏப்ரல் 1-ம் தேதி ரூபாய்க்கு நூறு காசுங்கிற கணக்கு வந்தது. அப்போ அதுக்கு 'நயா பைசா'ன்னு பேரு. 1964-ல 'நயா' போயிடுச்சு. அதனால 'ந.பை.'ன்னு இருந்தா, அநேகமா நடுவுல இருக்கிற அந்த ஏழு வருஷம்.

முகவரி. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. 'திருச்சி - 620 002'ன்னு இருந்தா அதுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பே இல்ல. ஆனா வெறும் 'திருச்சி-2'ன்னு இருந்தா ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. பின்கோடு வந்த அப்புறமும் பலபேர் அப்படித்தான் எழுதினாங்க.

எழுத்து. எனக்குப் பிடிச்சது இதுதான். பழைய 'லை', 'னை'ல ஐகாரக் குறி தனியா நிக்காது, எழுத்து மேலயே தும்பிக்கை மாதிரி சுழிச்சு நிக்கும். 'றா', 'னா'வுக்குத் தனிக் கால் இருக்காது. பெரியார் 1935-லயே குடி அரசுல புது வடிவத்துக்கு மாறிட்டார். தமிழக அரசு ஆணை வந்தது 1978-ல. அப்போ மாறினது மொத்தம் 13 எழுத்து. ஆனா கை பழகின ஓவியர் ஆணைக்கு அப்புறமும் பழசையே எழுதியிருக்கலாம். அதனால இது ஒரு க்ளூ மட்டும்தான், ப்ரூஃப் இல்ல.

இப்போ சேர்த்துப் பாருங்க. பின்கோடும் இருக்கு, தும்பிக்கை 'லை'யும் இருக்கு. அப்போ 1972-க்குப் பிந்தினது. பெரும்பாலும் எழுபதுகள், மிஞ்சினா எண்பதுகளோட ஆரம்பம். தேதியே போடாத சுவர்ல இருந்து இவ்ளோ எடுத்துட்டோம்!

இதுக்கெல்லாம் ஏன் மெனக்கெடணும்? பத்திரிகை விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்குல பிரதி உண்டு, ஏதாவது ஒரு நூலகத்துல கிடைச்சிடும். சுவர் விளம்பரத்துக்கு இருக்கிறது ஒரே காப்பி, பேக்கப் கிடையாது. மூடிப்போன ஒரு சின்ன சோடா கம்பெனிக்கு அந்தச் சுவர்தான் கடைசி சாட்சியா இருக்கலாம். கட்டடத்தை இடிச்சா அதுவும் போச்சு.

அதனால, அடுத்த தடவை பெரிய கடை வீதி, தெப்பக்குளம் பக்கம் போனா, ஃப்ளெக்ஸ் போர்டுக்கு மேல இருக்கிற மாடிச் சுவரையும் கொஞ்சம் பாருங்க. ஏதாவது தெரிஞ்சா போட்டோ எடுங்க. காலையில சாய்வா வெயில் விழும்போதும், மழையில சுவர் நனைஞ்சிருக்கும்போதும் எழுத்து இன்னும் தெளிவா தெரியலாம். தெருப் பேரையும் தேதியையும் மறக்காம குறிச்சு வைங்க. தண்ணி ஊத்தித் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம்!

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.